சுவரைப் பார்த்து உட்கார்ந்த சவுண்டு செட்டுக்காரர்

"தாயி, எத்தனை வாட்ஸ் பாக்ஸ் வாங்கட்டும்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

ஜெபராணி கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"கோமு கல்யாணத்துக்கு. என் அக்கா மக. நான் தாய்மாமன்லா."

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்துநாலு வயது. அம்பாசமுத்திரம் பக்கம் காதுகுத்தோ, கோயில் கொடைவிழாவோ, முப்பது வருசமாக அவர் செட்டுதான். ஜெபராணிக்கு முப்பத்தொண்ணு. கல்லூரி விழா, சர்ச் கச்சேரி என்று பாளையங்கோட்டையில் அவள் கைபட்ட மைக்கில் முணுமுணுத்தாலும் கடைசி ஆள் வரை கேட்கும் என்பார்கள். வித்தை இருக்கிற இடத்தில் வயசைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று அவரே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மாப்பிள்ளையோட அப்பா திரவியம் இருக்காரே, மதுரையிலேருந்து செட்டு கொண்டாருவேன்னு நின்னாரு. தாய்மாமன் உசிரோட இருக்கும்போது வெளியூர் செட்டா? கோமு விடல. 'எங்க மாமா செட்டுதான், சரியில்லேன்னா என்னைக் கேளுங்க'ன்னு சொல்லிட்டா. போற வீட்டுல பிள்ளை வாக்குக் குடுத்திருக்கு தாயி. நான் சொதப்புனா அவ மானம்லா போகும்? அதான், பெரிய பாக்ஸா ரெண்டு வாங்கி மண்டபத்தையே அதிர வச்சிருதேன்."

"அந்த மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்து கேட்டிருக்கீங்களா?"

"நான் எப்படி உக்கார? ஆம்ப்ளிபயர் பக்கத்துல ஆள் வேண்டாமா?"

"முன்வரிசையில?"

"அங்க சொந்தக்காரங்கல்லா உக்காருவாங்க."

"முப்பது வருசத்துல ஒரு தடவைகூடவா?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். பந்தியில்கூட அவர் உட்கார்ந்தது கிடையாது. இலை அவரைத் தேடி ஆம்ப்ளிபயருக்கு வந்துவிடும்.

"நாளைக்குக் காலையில உங்க செட்டை எடுத்துட்டு மண்டபத்துக்கு வாங்க" என்றாள் ஜெபராணி.

வாட்ஸ் பற்றி மூச்சே விடவில்லை.

*

மறுநாள் மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள்.

"உக்காருங்க. நான் சொல்லுத வரைக்கும் திரும்பக் கூடாது."

அட கொடுமையே! பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்தான் அவரை இப்படி உட்கார வைத்திருக்கிறார். ஆனாலும் உட்கார்ந்தார்.

"மூணு செட்டு பாக்ஸ் இருக்கு. மூணுலயும் ஒரே வரிதான் சொல்லுவேன். என்ன சொன்னேன்னு நீங்க சொல்லணும்."

முதல் செட்டு பேசியது. தரை அதிர்ந்தது. ஜன்னல் கதவு கடகடவென்று ஆடியது. அது தன்னுடைய செட்டுதான் என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது, பெற்ற பிள்ளையின் குரல் தெரியாதா?

"கேட்டுச்சா அண்ணாச்சி?"

"அருமையா கேட்டுச்சு தாயி!"

"என்ன கேட்டுச்சு?"

"அது... சத்தம் கேட்டுச்சு."

இரண்டாவது செட்டு பேசியது.

"தாய்மாமன்னு வந்துச்சு. பந்தின்னு ஏதோ வந்துச்சு. மிச்சமெல்லாம் சுவத்துல போயி முட்டிட்டு."

மூன்றாவது செட்டில் அவள் குரல் ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது.

"தாய்மாமன் மூணாம் பந்திக்கு வந்தா அப்பளம் கிடைக்காது."

"ஏன் கிடைக்காது? அப்பளத்துக்குச் சொன்னதே நான்தான!"

கோபத்தில் எழுந்து திரும்பியே விட்டார். அப்புறம்தான் பார்த்தார். மேடைக்கு இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்கு மேலே, ஸ்டாண்டில் இரண்டு பெட்டிகள். நடு மண்டபத்தில் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றும் சாம்பார் வாளியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"இதா பேசுச்சு?"

"இதேதான். தலைக்கு மேல ஏத்தி, மூஞ்சியக் கொஞ்சம் குனிய வச்சிருக்கேன். சத்தமெல்லாம் முன்வரிசைக்காரன் மடியிலயே விழுந்துராது. நடுவுல உள்ள ரெண்டும் ஒரு துளி பிந்திப் பேசும். இல்லேன்னா பின்னால இருக்கவனுக்கு ஒரே சொல்லு ரெண்டு தடவை கேக்கும்."

"தபேலாவுக்கு?"

"கனத்த சத்தத்துக்கு ஓரமா ஒரு பேஸ் பாக்ஸ் போதும்."

ஆவுடையப்பன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காது சரி என்றது. மீசை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊரு சிரிக்கும் தாயி. என் செட்டு பாடுனா மூணு தெரு தாண்டிக் கேக்கணும். வாசல்ல ரெண்டு பெட்டியத் தெருவப் பாத்து வைக்கது எங்க வழக்கம். அப்பத்தான கல்யாணம் நடக்குன்னு தெரியும்?"

"தெருவுக்குப் பத்திரிகை வச்சாச்சா?"

"வீடு விடாம வச்சாச்சு. எட்டுத் தெருவுக்கும் நானே போனேன்."

"வருவாங்களா?"

"வராமலா? என் அக்கா வீட்டுக் கல்யாணம்! பூட்டிட்டுக் குடும்பத்தோட வருவாங்க."

"எல்லாரும் உள்ள வந்துட்டா, வாசல் பெட்டி யாருக்குப் பாடுது?"

ஆவுடையப்பன் வாசலை எட்டிப் பார்த்தார். ஓர் ஆடு நின்று சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"முப்பது வருசமா ஆட்டுக்குப் பாட்டுப் போட்டிருக்கேன் தாயி!"

*

கல்யாண வரவேற்பு நாள், சாயங்காலம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு முன்னால் ஜெபராணி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க தாய்மாமன். தாய்மாமன் வேலையப் பாருங்க."

பாட்டுக் கச்சேரி ஆரம்பித்தது. ஒரு பாட்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. வழக்கமாக இதற்குள் நாலு பேர் வந்து, "அண்ணாச்சி, நெஞ்சே அதிருதுவே!" என்று கையைப் பிடித்திருப்பார்கள். இன்றைக்கு ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. புதுப் பெட்டியை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சத்தம் வருகிறதா என்று அவரே ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் போய் நின்று பார்த்தார்.

மேடையில் கோமு மாலையும் கழுத்துமாக நின்றாள். அந்தப் பக்கம் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பாவி மகளே, என்னை நம்பி வாக்குக் கொடுத்தாயே!

திரவியத்தைத் தேடினார். முன்வரிசையில் சம்பந்திக்கென்று போட்ட சோபா காலி.

போச்சு, மனுசன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று ஓடினார். பந்தியில் இல்லை. வாசலில் இல்லை. கடைசியில் பார்த்தால், மண்டபத்தின் கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் திரவியம். குறை கண்டுபிடிக்கவென்றே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார், வேறென்ன?

மேடையில் பாடுகிற பெண் மெதுவாக ஒரு தாலாட்டை எடுத்தாள்.

இனி ஆவது ஆகட்டும், திட்டை நாமே முதலில் வாங்கிக்கொள்வோம், பிள்ளைக்குப் போக வேண்டாம் என்று ஆவுடையப்பன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சம்பந்தி, சவுண்டு எப்படி..."

திரவியம் கண்ணைத் திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சத்தம் போடாதியும்வே. பாட்டு கேக்கு."