சிவக்காத சுவர்

கடலில் உப்புக் கரையாத காலம். கிளிகள் பொய் பேசப் பழகாத காலம். அந்தக் காலத்திலே செங்கழனி என்று ஒரு நாடு இருந்தது. அதை வானவல்லி என்ற அரசி ஆண்டுவந்தாள். நல்ல அரசி. நல்லவர்களைக் கெட்டது அண்டாது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, கேளுங்கள்.

அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே தம்பி, சேந்தன். அவனை அவள்தான் தூக்கி வளர்த்தாள்.

அந்த நாட்டில் ஆணை எல்லாம் ஓலையில்தான் போகும். ஓலைக்கு மஞ்சள் தடவி, எழுத்தாணியால் கீறி, கீழே அரக்கு வைத்து நாரை முத்திரை குத்துவார்கள். ஊர்த்தலைவர் அதைத் தூக்கிப் பிடித்து, "அரசி ஓலை, அரசி முத்திரை, அரசியே சொன்னாள்!" என்று கூவுவார். அவ்வளவுதான், காரியம் நடந்துவிடும். முத்திரைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று ஒருவரும் தலையைச் சொறிந்ததில்லை.

இதைக் கவனித்தவன் ஒருவன் இருந்தான். குறளிமாயன் என்ற மந்திரவாதி. சிம்மாசனத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். மெழுகை உருட்டிப் பல்லி செய்தான், தன் மாயம் முழுவதையும் அதற்குள் ஊதி உயிர் கொடுத்தான். அந்தப் பல்லி ஓர் ஓலையின் முத்திரையை நக்கும். இன்னோர் ஓலையில் நாக்கை ஒற்றும். அதே நாரை, அதே அரக்கு. அரசியே பார்த்தாலும் ஏமாந்துபோவாள்.

முதல் ஓலை போனது: "ஏரிக்கரையை உடைத்துவிடு." அரசி ஓலை, அரசி முத்திரை, அரசியே சொன்னாள்! ஏரி வடிந்தது, வயல் காய்ந்தது.

இரண்டாம் ஓலை போனது: "ஏன் என்று கேட்பவனை ஊரைவிட்டுத் துரத்து." அரசி ஓலை, அரசி முத்திரை, அரசியே சொன்னாள்! கேட்டவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு காட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் ஓலை கழுகுப்பாறைக் கோட்டைக்குப் போனது: "என் தம்பி சேந்தன் துரோகி. அவனைப் பாழ்ங்கிணற்றில் இறக்கு." கோட்டைத் தலைவர் ஆதனார் சேந்தனுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஓலையைப் படித்து அழுதார். அழுதுகொண்டே இறக்கினார்.

செய்தி கேட்ட வானவல்லி உடனே ஓலை எடுத்தாள். "சேந்தனை விடு" என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினாள். ஓலைக்காரர் வழியில் சற்றே கண்ணயர்ந்தார். பல்லி இறங்கியது. 'விடு'வின் கடைசி எழுத்தை மெழுகால் மூடி, அதன்மேல் நகத்தால் கீறியது. "சேந்தனை விடாதே" என்று ஓலை போய்ச் சேர்ந்தது.

பிறகு அவளே ஓடினாள். அவளுக்கு முன்னால் இன்னோர் ஓலை ஓடியிருந்தது: "என் முகத்தோடு ஒரு மாயக்காரி வருவாள். அழுவாள். நம்பாதே."

"ஆதனாரே, நான்தான்! கதவைத் திறங்க!"

மதில்மேல் நின்ற ஆதனார் வெகுநேரம் பார்த்தார். "அப்படியே எங்க தாயி மாதிரி இருக்கே. அழுகைகூட அவங்க அழுகைதான். அதான் பயமா இருக்கு. போயிடு."

உள்ளே, பூமிக்கு அடியிலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல் வந்தது. அவளுக்குக் கேட்டது. அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஜனங்கள் மண்ணை வாரி அவள்மேல் தூற்றினார்கள். 'நான் செய்யவில்லை' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நாடெங்கும் அவள் முத்திரை இருந்தது. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அவளிடம்தான் ஒன்றும் இல்லை. செத்துப்போகலாம் என்று காய்ந்த ஏரிக்குள் இறங்கி நடந்தாள்.

நடு ஏரியில், வெடித்த சேற்றில், வண்டிச் சக்கரம் போல ஒரு பெரிய சிப்பி வாய்பிளந்து கிடந்தது.

"தண்ணி," என்றது.

தோற்பையில் கடைசி மடக்கு இருந்தது. சாகப்போகிறவளுக்கு அது எதற்கு? ஊற்றினாள்.

"ஏரியை உடைச்சவ நீயா?" என்று கேட்டது சிப்பி.

"நான் இல்ல."

"நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. தண்ணி கொடுத்தது நீ, அது தெரியும். நான் பிழைக்கமாட்டேன், கேட்டுக்கோ. என் ஓடு ரெண்டு. ஒண்ணு வாய், ஒண்ணு செவி. வாயோட்டை நீ வெச்சுக்கோ, உன் மடிக்குத் தக்கபடி சுருங்கிடும். ஓலையை எழுதி, முதல் எழுத்திலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் அதுக்குள்ள படி. அது ஓலைமேல ஒரு மூச்சு விடும். ஒவ்வோர் ஓலைக்கும் ஒவ்வொரு மூச்சு. செவியோட்டை எல்லாரும் பார்க்கச் சுட்டு, தண்ணி விட்டு நீத்து, சுண்ணாம்பாக்கி ஊர் ஊராச் சுவத்துல பூசு. ஓலையைச் சுவத்துல ஒத்தினா, உன் மூச்சு இருந்து, ஓர் எழுத்தும் மாறாம இருந்தா, சிவக்கும். இல்லேன்னா வெளுப்புதான்."

"சுவத்தைச் சுரண்டி வேற யாராவது மூச்சு பண்ணிட்டா?"

"செவி கேட்கும். பேசாது. ஆனா வாயோட்டை மட்டும் கைமாத்திடாதே. உயிர் போகுதுன்னு கெஞ்சினாலும் கொடுக்காதே." அதோடு சிப்பி கண் மூடியது. நன்றி சொல்லக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அரண்மனை வாசலில் சூளை போட்டாள். கல்லெறிய வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கோட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "இது நிஜமா அரசிதானா?" என்று அவர்கள் கேட்க, ஒரு கிழவர் சீறினார்: "எங்களுக்குத் தெரியாதா? நாங்க திட்டித் திட்டி அலுத்த மூஞ்சியாச்சே!" ஊருக்கு ஒரு கூடையாகச் சுண்ணாம்பைத் தூக்கிப்போனார்கள். கோட்டை வாசலிலும் பூசியாயிற்று. ஆதனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இனிமே முகத்தையும் நம்பமாட்டேன், முத்திரையையும் நம்பமாட்டேன். சுவர் சிவக்கட்டும்."

மற்ற சுண்ணாம்பு எந்த மஞ்சளைக் கண்டாலும் சிவக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தச் சுண்ணாம்பு அவ்வளவு இளகிய மனசு படைத்ததில்லை.

"சேந்தனை விடு" என்று எழுதி, படித்து, ஓட்டின் மூச்சை வாங்கி அனுப்பினாள். வழியில் பல்லி 'விடாதே' ஆக்கியது. சுவர் சிவக்கவில்லை. மறுபடி அனுப்பினாள். பல்லி அந்த மூச்சை நக்கி, "சேந்தனைக் கொல்" என்ற ஓலையில் ஒற்றியது. சுவர் சிவக்கவில்லை. பொய் உள்ளே போகவில்லை, சரி. ஆனால் மெய்யும் போய்ச் சேரவில்லையே! கிணற்றுக்குள் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியில் இன்னோர் ஓலைக்கு மூச்சை வாங்கி, அதைத் தானே எடுத்துக்கொண்டு, வாயோட்டை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில், புளியமரத்தடியில், எலும்பும் தோலுமாகச் சேந்தன் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா! தப்பிச்சு வந்துட்டேன்கா!"

அவள் ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதே மச்சம், அதே குரல்.

"பின்னாடியே துரத்தி வர்றாங்கக்கா. அந்தச் சிப்பியை என்கிட்ட கொடு, நானே ஓலை போட்டு அவங்களைத் திருப்பி அனுப்பறேன். ஒரே நிமிஷம்."

அவள் கை மடிக்குப் போயிற்று. அப்படியே நின்றது.

"எழுதணும்னா சொல்லு, நான் எழுதறேன். இதைத் தரமாட்டேன்டா."

"என்னைவிட ஓடு பெரிசா போச்சா? நான் சேந்தன்கா!"

"சேந்தனா இருந்தாலும் தரமாட்டேன்."

அவன் அழுதான். காலில் விழுந்தான். பிறகு எழுந்து, தள்ளாடித் தள்ளாடி நடந்து மறைந்தான். அவன் மாயனா, தம்பியா? அவளுக்குத் தெரியாது, ஐயா. சத்தியமாகத் தெரியாது. பெற்ற பிள்ளை போல வளர்த்தவனைப் பசியோடு விரட்டிவிட்டோமோ என்று மாரில் அடித்துக்கொண்டே கோட்டைக்கு நடந்தாள். அந்த நடையை எதிரிக்கும் கொடுக்க வேண்டாம்.

போனவன் குறளிமாயன்தான். வாயோடு கிடைக்காத ஆத்திரத்தில், செவிச் சுண்ணாம்பையாவது நக்கிப் போலி பண்ணலாம் என்று கோட்டைக்குப் பறந்தான். இரண்டு முறை சுவர் வெளுத்ததால், பூச்சில்தான் கோளாறு என்று வீரர்கள் மறுபூச்சுக்குச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் அது கொதகொதவென்று கொதித்தது. பல்லி நாக்கை நீட்டியது. மெழுகு அல்லவா? நாக்கு போச்சு, தலை போச்சு, வாலும் போச்சு! பல்லி உருகியதும் மாயனின் கடன்வாங்கிய முகமும் வழிந்தது. நாடெங்கும் போலி முத்திரைகள் சொட்டிக் கரைந்தன. வீரர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

வானவல்லி வந்து சேர்ந்தாள். ஓலையைச் சுவரில் ஒற்றினாள். குங்குமமாய்ச் சிவந்தது சுவர். ஆதனார் தலையில் அடித்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்.

சேந்தனைத் தூக்கி வந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. அக்காவைக் கண்டதும் பின்னால் நகர்ந்தான்.

"என்னை உள்ளே போடச் சொன்னது நீயா?"

அவள் ஓலை எடுத்து, "நான் இல்லை" என்று எழுதி, படித்து, சுவரில் ஒற்றினாள். சிவந்தது.

சேந்தன் அதைப் பார்த்தான். "இதை எழுதினது நீதான்னு சுவர் சொல்லுது. எழுதினது நிஜம்னு யார் சொல்றது?"

அவள் ஓலையைக் கீழே இறக்கினாள். "யாரும் இல்லடா. அதைச் சொல்ல எந்தச் சுவரும் இல்ல."

சேந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பசிக்குதுக்கா," என்றான். "உன் கையால பிசைஞ்சு போடு."

அவள் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், அவன் சாப்பிட்டான்.