ஓடைக்கரையில் கூடிய சபை

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். காலையில் மலையடிவாரத்தில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் கடற்கரைக்குப் போய்விடலாம், அவ்வளவு சின்ன நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதற்கு நெய்தல்நாடு என்று பெயர். செங்கோதை என்ற அரசி அதை ஆண்டுவந்தாள்.

நாடு சின்னது. அக்கம்பக்கம் எல்லாம் பெரியவை. வடக்கே வடமலை, தெற்கே கடலுக்குள் பவழத்தீவு, கிழக்கே ஆற்றுக்கு அப்பால் பொன்வயல். வடமலைக்கும் பவழத்தீவுக்கும் ஆகாது. பொன்வயல் இருவரோடும் சிரித்துப் பேசும், இருவரையும் நம்பாது.

நெய்தல்நாட்டில் உப்பு விளைந்தது. கொஞ்சம் நெல்லைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் விளையவில்லை. உப்பளத்தில் பாடுபட்டவர்கள் ஓடைக்கரை என்ற ஊரில் இருந்தார்கள். மழை பிடித்தால் அந்த ஊரில் காய்ச்சலும் பிடிக்கும். ஒவ்வொரு மழைக்கும் சில பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைப்பார்கள். இது அரசிக்குத் தெரியும். அமைச்சர் நம்பிமாறன் ஆண்டுதோறும் வந்து சொல்வார். அவளும் ஆண்டுதோறும் வருத்தப்படுவாள்.

ஒரு வருஷம் பெரும்புயல் அடித்து நாடு நொடித்துப்போயிற்று. அப்போதுதான் மூன்று தூதர்கள் வந்தார்கள்.

வடமலைத் தூதர் சொன்னார்: "உங்களுக்குக் கற்கோட்டை கட்டித் தருகிறோம். காவலுக்குக் குதிரைப் படையும் தருகிறோம். துறைமுகத்தில் மட்டும் பவழத்தீவுக் கப்பலை விடாதீர்கள்."

பவழத்தீவுத் தூதர் சொன்னார்: "பெரிய கப்பல்கள் தருகிறோம். துறையில் கலங்கரை விளக்கமும் எழுப்புகிறோம். வடமலைக்குப் போகும் கணவாயை மட்டும் அடைத்துவிடுங்கள்."

பொன்வயல் தூதர் வயதானவர். தத்தனார் என்று பெயர். அவர் சொன்னார்: "ஆண்டுதோறும் படகு படகாக நெல் அனுப்புகிறோம், சும்மாவே. உங்கள் வயலில் மட்டும் நெல்லை விட்டுவிட்டு எங்களுக்கு வேண்டிய சாயச்செடியைப் பயிரிடுங்கள்."

நம்பிமாறன் அரசியைத் தனியே அழைத்துப் போய், "எதையாவது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் தாயே. மறுக்கிற நிலையிலா இருக்கிறோம்?" என்றார்.

"வாங்குவது இருக்கட்டும். இவர்களில் யாருக்கு நம் ஜனங்கள்மேல் அக்கறை என்று முதலில் பார்ப்போம்" என்றாள் செங்கோதை. "பேச்சுவார்த்தையை ஓடைக்கரையில் வைத்துக்கொள்ளலாம்."

அப்படியே சபை ஓடைக்கரையில் கூடியது. பந்தல் போட்டார்கள், பாய் விரித்தார்கள். ஊர்ஜனம் சுற்றி நின்றது. அரசி சொன்னபடி, அந்த ஊரார் குடிக்கிற குட்டையிலிருந்து மூன்று செம்பு தண்ணீர் மொண்டு வந்து மூன்று தூதர்கள் முன்னும் வைத்தார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தது. பாசிவாடை அடித்தது.

வடமலைத் தூதர் செம்பை வாயருகே கொண்டுபோய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பாய்க்குப் பின்னால் சாய்த்து ஊற்றினார்.

பவழத்தீவுத் தூதர், "எனக்கு இன்றைக்கு விரதம்" என்றார்.

தத்தனார் செம்பை எடுத்தார். முகர்ந்தார். கீழே வைத்துவிட்டு அரசியைப் பார்த்தார்.

"அரசியாரே, இந்தத் தண்ணீரை நீங்கள் குடித்திருக்கிறீர்களா?"

செங்கோதைக்குப் பின்னால், பல்லக்கில் கொண்டுவந்த அரண்மனைக் கூஜா மினுமினுவென்று இருந்தது. ஊர்ஜனம் முழுவதும் அதைப் பார்த்தது.

"நான் உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை" என்றார் தத்தனார். "வரும் வழியில் மலையடிவாரத்தில் ஓர் ஊற்றைப் பார்த்தேன். நல்ல தண்ணீர். அது வாய்க்கால் வழியாக உங்கள் தாமரைக் குளத்துக்கும் பிரபுக்களின் தோட்டங்களுக்கும் போகிறது. ஓடைக்கரைக்கு வரவில்லை. எங்கள் அரசர்கள் தங்களுக்கு லாபமானதைத் தர வந்திருக்கிறார்கள். அது உண்மைதான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களும் இதுவரை சொல்லவில்லையே."

கூட்டத்தில் நல்லக்காள் என்று ஒருத்தி நின்றிருந்தாள். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அரசி என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செங்கோதை தலைகுனிந்தாள்.

பிறகு எழுந்து, "தூதர்களே, அடுத்த மழை கழிந்தபின் வாருங்கள். அப்போது பதில் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தாள்.

அவள் அரண்மனைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தாமரைக் குளத்துக்குப் போகும் மடையை அடைக்கச் சொன்னாள். அடுத்து, தோட்டங்களுக்குப் போகும் மடைகளை அடைக்கச் சொன்னாள். அதற்கும் அடுத்து, ஊற்றிலிருந்து ஓடைக்கரைக்குக் கால்வாய் வெட்டச் சொன்னாள்.

பிரபுக்கள் முணுமுணுத்தார்கள். "பாட்டன் காலத்துத் தண்ணீர்" என்றார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு வடமலைக்கே குடிபோய்விட்டார். செங்கோதை தடுக்கவில்லை. நம்பிமாறனுக்குத்தான் பயம். "உள்ளேயும் பகை, வெளியேயும் பகை என்றால் எப்படித் தாயே?" என்று கேட்டார்.

"ஓடைக்கரையில் என்னை நம்புகிறவர் ஒருவர்கூட இல்லை, அமைச்சரே. அதை முதலில் சரிசெய்கிறேன்" என்றாள் அவள்.

கோடை முழுக்கக் கால்வாய் வெட்டினார்கள். தாமரைக் குளம் வற்றி வெடித்தது. கால்வாயில் தண்ணீர் வந்தது. மழை வந்தது. காய்ச்சலும் வந்தது. பிள்ளைகள் இறக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இறந்தார்கள், ஆனால் முன்னைவிட மிகவும் குறைவு. தண்ணீர் மாறினால் மட்டும் போதாது, மருந்து தெரிந்தவர்களும் வேண்டும் என்பது அரசிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அவள் ஓடைக்கரையிலேயே தங்கியிருந்தாள்.

மழை கழிந்து தூதர்கள் வந்தார்கள். இந்தத் தடவை அரசிதான் முதலில் பேசினாள்.

"வடமலையாரே, கோட்டை வேண்டாம். கல்தச்சர்களை அனுப்புங்கள், கால்வாய்க்குக் கரை கட்ட வேண்டும். பவழத்தீவாரே, கப்பல் வேண்டாம். மருத்துவர்களை அனுப்புங்கள், எங்கள் பெண்களுக்கு மருந்து செய்யக் கற்றுத்தரட்டும். பொன்வயலாரே, சும்மா வரும் நெல் வேண்டாம். புயலைத் தாங்கும் விதைநெல் கொடுங்கள். மூவருக்கும் பதிலாக உப்புத் தருகிறோம். துறைமுகம் எல்லோருக்கும் திறந்திருக்கும். கணவாயும் எல்லோருக்கும் திறந்திருக்கும்."

பவழத்தீவுத் தூதர் யோசித்துச் சம்மதித்தார். தத்தனார் உடனே சம்மதித்தார். வடமலைத் தூதர் எழுந்து போய்விட்டார். ஒரு வாரத்துக்குள் வடமலையார் தங்கள் பக்கத்திலிருந்து கணவாயை அடைத்தார்கள். துணி வரவில்லை, இரும்பு வரவில்லை, விளக்குக்கு எண்ணெய் வரவில்லை.

செங்கோதை ஓடைக்கரைக்குப் போய் ஊரைக் கூட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "பவழத்தீவுக் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடினால் வடமலையார் கணவாயைத் திறப்பார்கள். நீங்கள் சொல்லுங்கள்."

நல்லக்காள் முன்னால் வந்து கேட்டாள்: "துறைமுகத்தை மூடினால் மருத்துவர்கள் எந்த வழியாக வருவார்கள்?"

"வரமாட்டார்கள்" என்றாள் அரசி.

"அப்படியானால் மூட வேண்டாம் தாயே. பழைய துணி இருக்கிறது, ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொள்கிறோம். விளக்கு இல்லாவிட்டால் பொழுதோடு சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம்."

அப்படித்தான் இருந்தார்கள். கஷ்டமான காலம்தான். கலப்பைக்கு இரும்புக் கொழு இல்லாமல் சிலர் மரக்கொழுவால் உழுதார்கள். கல்தச்சர் வராததால் கால்வாய்க் கரையை மண்ணாலேயே போட்டு, உடைகிறபோதெல்லாம் திரும்பப் போட்டார்கள். ஆனாலும் ஒருவரும் வடமலைக்கு ஆள் அனுப்பிக் கெஞ்சவில்லை. மருத்துவர்கள் வந்தார்கள். நல்லக்காளும் இன்னும் சில பெண்களும் கஷாயம் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த மழையில் ஓடைக்கரையில் ஒரு பிள்ளையையும் புதைக்கவில்லை.

அங்கே வடமலையில், கணவாய் வழியாக வந்துகொண்டிருந்த உப்பு நின்றுபோனதால் கஞ்சி இறங்கவில்லை. குதிரைகள் மெலிந்தன. ஜனங்கள் அரசனைக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் கணவாய் திறந்தது. பழைய தூதரே கல்தச்சர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிபந்தனை எதுவும் கொண்டுவரவில்லை. செங்கோதையும் பழசைக் கிளறவில்லை. தச்சர்களுக்குச் சோறு போடச் சொல்லிவிட்டு, கரை உடைகிற இடத்தைக் காட்ட அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.

தன் குடிகளின் தேவையை முதலில் தானே அறிந்து தீர்க்கத் தொடங்குகிற நாடுதான், எவ்வளவு சிறியதானாலும், பெரிய நாடுகளோடு நிமிர்ந்து நின்று பேச முடியும்.