முள்ளை உடைத்த கை

நாட்டின் தலைவரான பிறகு மாசிலாமணி அன்றுதான் முதல் முறையாகச் செங்கமலத்தம்மாவைப் பார்க்க வந்தார்.

அதற்கு முன் அவர் நீதிபதி. அவர் எழுதிய தீர்ப்பு எதையும் மேல்கோர்ட்டு மாற்றியதே இல்லை என்பார்கள். யாருக்கும் வளையாதவர் என்பதால்தான் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அவரைத் தலைவராக்கின. செங்கமலத்தம்மா வயதில் அவருக்கு இளையவள். அவர் தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. அவளுக்கு இப்போதுதான் நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. மனம் கலங்கினால் அவள் எதிரில் வந்துதான் உட்காருவார்.

பசித்து வருபவர்களுக்குச் சோறு போடும் சின்ன மடம் அது. கொட்டகையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கார்கள் வந்து நின்றன. பாதுகாப்பு ஆட்கள் இறங்கிவந்து கீரைக் கூடையைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள்.

"குண்டெல்லாம் இல்லப்பா. கம்பளிப்பூச்சி இருக்கும், கையப் பாத்துக்க" என்றாள் அம்மா.

மாசிலாமணி அவள் முன் பாயில் உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாப்டியா?"

"இறங்கல, அம்மா."

"யாரு செத்தா?"

"இன்னும் சாகல. வெள்ளிக்கிழமை காலைல தூக்கு."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரே சொன்னார்.

"பொன்னுரங்கம்னு ஒருத்தன். கிணத்துல யார் முறைக்கு மோட்டார் போடறதுன்னு அண்ணனோட சண்டை. அண்ணனையும் அண்ணியையும் வெட்டிட்டான். நான்தான் விசாரிச்சேன். நான்தான் தூக்கு எழுதினேன். எழுதினதும் பேனா முள்ளை மேசைல குத்தி உடைச்சேன்."

"முள்ளு என்ன பண்ணிச்சு?"

"தூக்குன்னா உடைக்கறது எங்க வழக்கம். எழுதின கை மறுபடி அதைத் தொடக்கூடாதுன்னு."

"இப்ப வேற பேனா குடுத்திருக்காங்களே."

"அதான் அம்மா. கருணை மனு என் மேசைக்கே வந்திருக்கு. அவனப் பெத்தவ போட்டது. செத்தவனுக்கும் அவதான் தாய். ஒண்ணு போச்சு, மிச்சம் இருக்கறதையாவது குடுங்கன்னு கேக்கறா."

"நீ என்ன பண்ணின?"

"பழைய வழக்குக் கட்டு முழுசையும் வரவழைச்சேன். ராவும் பகலும் படிச்சேன். எங்கயாவது ஒரு ஓட்டை இருந்தா அவன விட்டுடலாம்னு பாத்தேன். சாட்சி சரி. அரிவாள் சரி. அவனே ஒத்துக்கிட்டதும் சரி. என் தீர்ப்புல ஒரு வரி தப்பில்ல."

"ரொம்ப நல்லா எழுதியிருக்க."

"கேலி பண்ணாதீங்க அம்மா. அவன விட்டா அன்னிக்கு நான் எழுதினது தப்புன்னு ஆகாதா? விடலன்னா அந்தத் தாய் மூஞ்சில எப்படி முழிப்பேன்? தப்பே இல்லாத தீர்ப்ப எதை வெச்சு மாத்தறது?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்தாள். அவர் அருகே வந்தாள்.

அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. மாசிலாமணியைப் பெற்றவர்கள்கூட அடித்ததில்லை. காது ஒரே இரைச்சலாக இருந்தது. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிவதற்குள் பாதுகாப்பு ஆட்கள் பாய்ந்து வந்துவிட்டார்கள். ஒருவன் அம்மாவின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். இன்னொருவன் அவள் கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தினான். கூடை கவிழ்ந்தது. அவள் முகம் கீரையில் புதைந்து கிடந்தது. தோள் இறங்கிவிடுமோ, எலும்பு முறிந்துவிடுமோ என்று பார்க்கிறவர்கள் பதறும்படி இருந்தது அந்தப் பிடி.

"விடுங்க!" என்று அலறினார் மாசிலாமணி.

அவர்கள் விடவில்லை. அதிகாரி கிருபாகரன் சொன்னார்: "ஐயா, நாட்டுத் தலைவர் மேல கை வெச்சிருக்காங்க. ஜாமீனே இல்லாத குத்தம். நாங்க விட முடியாது."

"விடுய்யான்னு சொல்றேன்ல!"

"வழக்காவது போட்டாகணும், ஐயா. நாங்க எல்லாரும் பாத்தோமே."

"வழக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நான் சொல்றேன், விடு!"

விட்டார்கள். அம்மா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். உதட்டில் ரத்தம் கசிந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள்.

"நான் அடிச்சேனா, இல்லையா?" என்றாள் அம்மா.

"அடிச்சீங்க."

"சாட்சில ஏதாவது ஓட்டை?"

"இல்ல."

"ஏன் அடிச்சேன்னு விசாரிச்சியா?"

"இல்ல."

"இப்ப என்னை விட்டுட்ட. அதனால நான் அடிக்கலன்னு ஆயிடுச்சா?"

மாசிலாமணி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எரிந்தது.

"ஆகல, அம்மா."

"அப்புறம் எதை வெச்சு விட்ட?"

கிருபாகரன் கண்ணாடியை எடுத்துவந்து நீட்டினார். மாசிலாமணி அதை வாங்கவில்லை.

"உங்க கைய முறுக்கினாங்க. என்னால பாக்க முடியல" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "உங்கள எனக்குத் தெரியுமே, அம்மா."

அம்மா தரையில் சிதறிக் கிடந்த கீரையைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள்.

"அவன உனக்குத் தெரியாது. அதுக்கா தூக்கு?"