லேகியம் தின்னாத சேவல்கள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தம் படைவீரர்கள் எல்லாரும் சண்டைச் சேவல்போல் சிலிர்த்து நிற்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. மறுநாளே ராஜவைத்தியர் திருமேனிநாதர் ஜாடியோடு வந்து நின்றார். காளையின் விதையும் பாதரசமும் சேர்த்துக் கிண்டிய வீரிய லேகியம்.

"சேவல் குஞ்சுகளுக்கு ஊட்டினேன், மகாராஜா! சில மாதங்களில் சிவந்த கொண்டை, கூரிய கால்முள், ஊரை எழுப்பும் கூவல்!"

ராஜா சொக்கிப்போனார். படைப் பாளையத்தில் லேகிய அண்டா அடுப்பில் ஏறியது. வீரர்களுக்கு உருண்டை உருண்டையாக ஊட்டினார்கள்.

விகடகவி மாசாத்தனின் தம்பியும் அந்தப் படையில் இருந்தான். லேகியம் தின்ற சில நாளில் ஈறு அழுகி, கஞ்சிகூட இறங்காமல் படுத்துவிட்டான். மாசாத்தன் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, லேகியம் தின்னாத சேவல் குஞ்சு வளர்ந்தால் வாத்தாகவா போய்விடும்? வைத்தியர் அதையும் வளர்த்துப் பார்த்தாரா?"

வைத்தியர் சீறினார். "பொறாமை! இவனும் வளர்த்துக் காட்டட்டும். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகள், ஒரே தீனி. ஆனால் இவனும் என் ஜாடியிலிருந்துதான் ஊட்ட வேண்டும்!" எப்படி வளர்ந்தாலும் பெருமை லேகியத்துக்கே என்பது அவர் கணக்கு.

"அப்படியே செய்" என்றார் ராஜா. அதுவரை அண்டாவை இறக்கச் சொல்லி மாசாத்தன் மன்றாடினான். ராஜா காதில் விழவில்லை.

இருவர் வளர்த்த குஞ்சுகளும் சேவல்களாயின. மாசாத்தன் தன்னுடையவற்றின் இறக்கைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நூல் கட்டி, எல்லாவற்றையும் சபையில் கலந்துவிட்டான்.

"வைத்தியரே, உம்முடையவற்றைப் பொறுக்கும்."

கொழுத்துக் கூவியவற்றை அள்ளிக்கொண்டார் வைத்தியர். "நொண்டுவதெல்லாம் இவனுடையவை!"

இறக்கையைத் தூக்கினார்கள். அவர் கையிலிருந்த அத்தனையிலும் நூல். நொண்டியதில் ஒன்றில்கூட இல்லை.

"இவன் என் ஜாடியிலிருந்து ஊட்டவில்லை!" என்று அலறினார் வைத்தியர்.

"ஊட்டினேன். உம்முடைய ஜாடிதான். கழுவிவிட்டு வெல்லமும் புளியும் நிரப்பினேன்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

மாசாத்தன் சிரிக்கவில்லை. கையும் நீட்டவில்லை. "நன்றாகச் சிரியுங்கள், மகாராஜா. போன வாரம்தான் என் தம்பிக்குக் கொள்ளி வைத்தேன்."

"வேறு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா, தாழ்ந்த குரலில்.

மாசாத்தன் விடுவிடென்று பாளையத்துக்கு நடந்தான். கொதித்துக்கொண்டிருந்த அண்டாவை ஒரே உதையில் கவிழ்த்தான். காவலர்கள் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள்.

"தொடாதீர்கள் அவனை!" என்றார், மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்த ராஜா.