மருதவர்மர் போட்ட பரீட்சை உத்தரவு

செங்கழனி நாட்டு ராஜா மருதவர்மருக்குக் கோபம் வந்தால் முதலில் உத்தரவு போட்டுவிடுவார். யோசனையெல்லாம் அப்புறம்தான். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அரண்மனைப் பாடசாலையில் நீதிநூல் பரீட்சை. பொய் சொன்னால் என்ன கெடும் என்று கேள்வி. நாற்பது பிள்ளைகளும் ஓலையில் ஒன்றுபோலத் தப்பாக ‘பல் கெடும்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். வாத்தியார் திருமேனிப் பண்டிதர் கற்பூரம் ஏற்றிவிட்டார். பார்த்து எழுதவே இல்லை என்று நாற்பது பேரும் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். செய்த கையோடு பிள்ளையாரிடம் ஓடி ஆளுக்கொரு தேங்காய் நேர்ந்துகொண்டார்கள்.

“படிக்கிற காலத்தில் பார்த்து எழுதியவன் எவனாயிருந்தாலும் சரி, நாட்டை விட்டே துரத்துகிறேன்” என்றார் ராஜா. ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை அரசவையில் இருந்த சடையாண்டி தலையில் விழுந்தது.

சடையாண்டி அவைக்கு வருமுன் மாட்டுச் சந்தைத் தரகர். முன்கோபி. ஒன்பது வயசுப் பிள்ளைகளை எல்லை தாண்டித் துரத்துவதா என்று அவருக்கு மூக்கு சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தோள் துண்டை உதறினார். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். உள்ளே நடந்தது வெளியே வராது.

“பார்த்து எழுதியிருந்தால் என் விரலை அழுத்து. யாரென்று நான் வாயைத் திறந்தால் என் மீசையைச் சிரைத்துவிடு” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் துண்டை நீட்டினார். முப்பத்தொன்பது பேர் அழுத்தினார்கள். மீதி ஒருவன்தான் சொந்தமாக உளறியவன்.

சடையாண்டி அவையில் எண்ணிக்கையை மட்டும் சொன்னார். முப்பத்தொன்பது பேரையும் வண்டியேற்றச் சொல்லிப் பண்டிதர் குதித்தார்.

“பொறும் ஐயா. உத்தரவில் ‘எவனாயிருந்தாலும்’ என்று இருக்கிறது. நீரும் படித்தவர்தானே, கையைக் கொடும்” என்று சடையாண்டி துண்டை நீட்டினார்.

பண்டிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கை துண்டுக்குள் போய் வந்தது. அடுத்துத் துண்டு சிம்மாசனத்துக்கு முன்னால் நின்றது. ராஜா விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கையை நுழைத்தார்.

சடையாண்டி துண்டை மடித்துத் தோளில் போட்டார். “மகாராஜா, மொத்தம் நாற்பத்தொன்று. பேர் சொல்ல மாட்டேன், அது சந்தை தர்மம். வண்டி கட்டச் சொல்லவா? ஒரு வண்டிக்கு மட்டும் குடை வைக்க வேண்டியிருக்கும்.”

ராஜா முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தரவு அங்கேயே செத்தது. அழுத்தியவர்கள் எல்லாரும் மறுபடி பரீட்சை எழுதினால் போதும் என்று தீர்ப்பானது.

“அதுசரி சடையா, உன்னைக் கேட்டால் அழுத்துவாயா?”

“நான் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை மகாராஜா. பார்த்து எழுத எனக்கு ஒருத்தனும் வாய்க்கவில்லை.”

அப்படியானால் பரீட்சையைக் காவல் காக்க நாட்டிலேயே யோக்கியன் நீ ஒருவன்தான் என்று ராஜா பட்டுச் சால்வையும் பிரம்பும் கொடுத்தார்.

மறுநாள் நாற்பத்தொரு பேரும் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் எழுத்தாணிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பண்டிதர் அவசரமாகத் தன் ஓலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

சடையாண்டி பிரம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“மகாராஜா, கழுத்து நேராக.”