வாழைத்தோப்பில் ஒரு மரங்கொத்தி

ஆற்றங்கரைக் காட்டில் சூடாமணி என்றொரு மரங்கொத்தி இருந்தது. மரத்தை ஒருமுறை தட்டினாலே போதும், உள்ளே எத்தனை புழு, எது எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரப் பறவை பார்த்த வேலையோ, ஒரு குரங்கின் வாழைத்தோப்பில் காவல்.

சம்பளம் நாளுக்கு ஒரு சீப்புப் பழம். அந்தக் காட்டில் யாருக்கும் அப்படி ஒரு வரும்படி கிடையாது. விருந்தாளி வந்தால் சூடாமணி பழங்களைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ளும். தின்பதற்கு மட்டும் அதற்கு வாழைப்பழம் பிடிக்காது.

திருடன் வந்தால் கத்த வேண்டும் என்பது குரங்கின் கட்டளை. ஆனால் பிறவிக் குணம் விடுமா? யாரைக் கண்டாலும் சூடாமணியின் அலகு மரத்தைத் தட்டத்தான் போகும். தட்டுவதோ வாழையை. 'டொக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'சொதக்' என்று அலகு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பழம் திருட வந்த அணிலே பாவம் பார்த்துக் காலைப் பிடித்து இழுத்துவிடும். இழுத்த கூலிக்கு இரண்டு பழம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

ஒருநாள் கிளி ஒன்று சேதி கொண்டுவந்தது. ஆற்றுக்கு அப்பால், இரண்டு நாள் பறக்கும் தூரத்தில், தேக்கங்காட்டைப் புழு துளைக்கிறதாம். தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆள் தேவையாம். சம்பளம் என்று தனியாக ஒன்றும் இல்லை. பிடித்த புழுவைத் தின்றுகொள்ளலாம், தங்க ஒரு பொந்து உண்டு. பௌர்ணமிக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

கேட்டதிலிருந்து சூடாமணிக்கு அலகு நமநமத்தது. மனசோ வாழைச் சீப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஆமையிடம் யோசனை கேட்டது. வீட்டையும் முதுகில் தூக்கிக்கொண்டு போனால் ஒரு தொல்லையும் இல்லையே என்றது ஆமை. காக்கையிடம் கேட்டது. உடனே கிளம்பு, கிளம்புவதற்குள் இந்தக் காவல் வேலையை எனக்கு வாங்கிக் கொடு என்றது காக்கை.

மனைவி செங்கமலம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது.

"நீங்க மரத்தைத் தட்டி எத்தனை நாளாச்சு? நம்ம குஞ்சுங்களுக்கு அந்தச் சத்தமே தெரியாது. அப்பா பழ வியாபாரின்னு நினைச்சுக்கிட்டிருக்குதுங்க."

"அங்கே போயி வயிறு நிறையலேன்னா?"

"இங்கே மட்டும் நிறையுதாக்கும்! அழுகின பழத்துல மொய்க்கிற கொசுவைத்தானே தின்னுக்கிட்டிருக்கோம்."

அதற்கும் சூடாமணி, யோசிக்கலாம் என்றுதான் சொன்னது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் யானை ஒன்று தோப்புக்குள் நுழைந்தது. சூடாமணிதான் முதலில் பார்த்தது. வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். பாய்ந்து போய் வாழையைத் தட்டியது. சொதக்! இழுத்துவிட அணிலும் இல்லை. யானையைக் கண்டதும் அது ஓடிவிட்டது. யானை நேராக வந்து அந்த வாழையைத்தான் பிடுங்கியது. செத்தோம் என்று கால்களை உதறியது சூடாமணி.

நல்ல வேளை, வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் அந்தக் கால்கள் யானையின் கண்ணில் பட்டன. தும்பிக்கையால் மெதுவாக உருவி எடுத்து, மேலும் கீழும் பார்த்தது.

"நீ மரங்கொத்திதானே?"

"ஆமாங்க."

"வாழையில என்ன பண்றே?"

"வேலை பார்க்கிறேங்க."

யானை தண்டை ஒரு கடி கடித்து மென்றது. "எனக்கு இது சாப்பாடு. உனக்கு இது என்ன?"

சூடாமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று மத்தியானமே குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டியது.

தேக்கில் வைத்த முதல் தட்டுக்குக் காடே திரும்பிப் பார்த்தது. குஞ்சுகள் பயந்துபோய் அம்மாவின் சிறகுக்குள் புகுந்துகொண்டன. முதல் மாதம் அரை வயிறுதான். மறைப்பானேன், இரண்டொரு நாள் சூடாமணி அந்த வாழைப்பழத்தைக்கூட நினைத்துக்கொண்டது. ஆனால் விடிந்தால் போதும், யாரும் கூப்பிடாமலே வேலைக்குக் கிளம்பிவிடும்.

மழைக்காலம் முடிந்ததும் கிளி மறுபடி வந்தது. திரும்பி வந்தால் நாளுக்கு இரண்டு சீப்பு தருவதாகக் குரங்கு சொல்லி அனுப்பியிருந்தது. தூரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செங்கமலம் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டியது.

"அவரு வேலையா இருக்காரு. அப்புறமா வாங்க."

கூலி குறைவென்று தன் தொழிலுக்குப் போகத் தயங்குகிறவன், தனக்கு ஒவ்வாத தொழிலில் உட்கார்ந்து அதைவிட அதிகமாக இழக்கிறான்.