விரலி சிவந்த நாள்

அந்தக் காலத்தில் சமையற்கட்டுச் சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்தது. வாய் என்றால் சும்மா இல்லை, காது வரைக்கும் நீளுகிற வாய். உப்பும் மிளகாயும் சண்டை போட்டால் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். நம்மைப் போலவே அவர்களுக்கும் கல்யாணம் உண்டு, சீர் உண்டு, சம்பந்திச் சண்டையும் உண்டு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பெண் பார்க்க வந்தால் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்க மாட்டார்கள், முகத்தைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்ததும் முகம் சிவந்தால் சம்மதம். சிவக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

குண்டு மஞ்சளாரின் கடைசி மகள் விரலிக்கு வினையே இதனால்தான் வந்தது. அழகி, தங்கமான குணம், ஆனால் முகம் மட்டும் சிவக்கவே சிவக்காது. வெல்லம் வந்து உருகி உருகிப் பேசினான். மஞ்சளாகவே இருந்தாள். உப்பு வந்து ஜம்பமாக உட்கார்ந்தான். அப்போதும் மஞ்சள்தான். "என்ன பொண்ணுடி இது, வெக்கமே கிடையாதா?" என்று தெரு முழுக்கப் பேச்சு. அவளுக்கு அவர்களில் ஒருத்தனையும் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். அதைக் கேட்கத்தான் ஆளில்லை!

கடைசியில் எலுமிச்சை வீட்டிலிருந்து வந்தார்கள். பெரிய இடம். எலுமிச்சை நடந்தால் தெருவே மணக்கும். வாயைத் திறந்தால் கேட்டவர்கள் முகம் கோணும், அவ்வளவு புளிப்பு. அவனைப் பார்த்து விரலி இன்னும் கொஞ்சம் பளிச்சென்று மஞ்சளானாள், வேறொன்றும் நடக்கவில்லை.

"சிவக்காட்டிப் போகுது சம்பந்தி," என்றாள் எலுமிச்சையின் அம்மா நாரத்தம்மா. "எங்க வீட்டுக்கு வந்து சிவந்துக்கட்டும். வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்திக்குவோம்."

குண்டு மஞ்சளார் அலுத்துப்போயிருந்தார். சரியென்று தலையை ஆட்டிவிட்டார். தாம்பூலம் மாறினால் பேச்சு முடிந்தது, அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. விரலி நான்கு நாள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை வெற்றிலை வந்தாள், பாக்கு வந்தார். அவர்கள் வந்தால் கூடவே சுண்ணாம்பும் வரவேண்டும் அல்லவா? சுண்ணாம்பு பாவம், யாருமில்லாத பையன். சூளையில் வெந்து, தண்ணீரில் விழுந்து கொதித்து ஆறியவன். தொட்டால் சுட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எந்த விசேஷத்திலும் மூலையில்தான் உட்காருவான்.

"பொண்ணு கையால எல்லாருக்கும் தண்ணி குடுக்கட்டும்," என்றாள் நாரத்தம்மா. விரலி வரிசையாகக் கொடுத்துக்கொண்டே மூலைக்கும் வந்தாள்.

"கீழே வச்சிடுங்க. என் கை பட்டா சுடும்," என்றான் சுண்ணாம்பு.

"இதுவரைக்கும் யாராச்சும் உங்க கையில குடுத்திருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் பிடிங்க."

செம்பு கை மாறியது. விரல் பட்டது. விரலி குப்பென்று சிவந்தாள்!

"ஐயையோ, பொண்ணு சிவந்துட்டா!" என்று வெற்றிலை கத்தின கத்தலில் கூடமே எழுந்து நின்றது.

எலுமிச்சை பாய்ந்து வந்தான். "சிவப்பும் இல்ல கிவப்பும் இல்ல, சூடு பட்டிருக்கு!" என்று தன் சாற்றை அவள்மேல் பீய்ச்சினான். சிவப்பு போன இடம் தெரியவில்லை, பழையபடி மஞ்சள். "பாத்தீங்களா, நான் தொட்டதும் சரியாப் போச்சு. எடுங்க மாமா தாம்பூலத்தை!"

குண்டு மஞ்சளாரின் கை தட்டுக்குப் போயிற்று.

"அப்பா!" என்றாள் விரலி. அவள் குரலை அந்தக் கூட்டம் கேட்டதே அன்றைக்குத்தான். "எத்தனை பேரு என் முகத்தைப் பாத்தீங்க. ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

தட்டின்மேல் இருந்த கையை அவர் எடுத்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. "தப்புதான் கண்ணு. இப்பக் கேக்குறேன், சொல்லு."

"எனக்குச் சுண்ணாம்பைப் பிடிச்சிருக்கு."

"என்னையா?" என்றான் சுண்ணாம்பு. அவனுக்கு நம்பவே முடியவில்லை.

"பெரிய ஆளுதான்! எங்கே, மறுபடி சிவக்க வை பாப்போம். என் புளிப்பு இருக்கிறவரைக்கும் நடக்காது," என்றான் எலுமிச்சை.

சுண்ணாம்பு தன்னிலிருந்தே ஒரு சிட்டிகை கிள்ளி விரலியின் உள்ளங்கையில் வைத்தான். புஸ்ஸென்று நுரைத்தது, சிவக்கவில்லை. இரண்டாவது சிட்டிகையும் அப்படியே. ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு சிட்டிகைக்கும் எலுமிச்சையின் கடுப்பு கொஞ்சம் குறைந்தது. சுண்ணாம்புக்கும் உள்ளே இருந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவன் பாதியாகிவிட்டான்.

"போதுங்க, கரைஞ்சே போயிடுவீங்க," என்று விரலி அழுதாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு." அரைச் சிட்டிகைதான் வைத்தான். அவ்வளவுதான், சட்டென்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிவந்துவிட்டாள்!

எல்லோரும் எலுமிச்சையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முழித்தான். "என்னடா இது, எனக்குக் கோவமே வரலையே?" என்று சொல்லிச் சிரித்தும்விட்டான். நாரத்தம்மா மகனைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "அடப்பாவி, துளிகூடப் புளிக்கலியே, உப்பாட்டம் இருக்கே!"

"அப்படின்னா இனிமே இவன் எங்க பங்காளி!" என்று பின்வரிசையிலிருந்து உப்பு கூவினான். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்போடு தாம்பூலம் மாறியது, சுண்ணாம்புக்கு. பிள்ளை வீட்டார் என்று யாருமில்லையே என்றதற்கு, "நாங்க இருக்கோம்," என்று நாரத்தம்மாவே தட்டை வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியதும் எலுமிச்சைதான்.

அன்று முதல்தான் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றால், மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்து ஆரத்தி சுற்றுகிறார்கள். தட்டில் அந்தத் தண்ணீர் சிவக்கிறதே, அது ஒரு பெண்ணைக் கேட்டு வாங்கிய சம்மதம்.